நோயோடு வேலைக்குத் திரும்புவது: கேளுங்கள், சொல்கிறேன்
(மலேசியா, பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கிளினிக்கில் தாதியாக இருந்தவர் பதில் தருகிறார்)

அக்கா, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஃபேக்டரியில் 12 மணி நேர ஷிப்ட். இனி வேலைக்குப் போக முடியுமா?

முடியும் தம்பி, ஆனால் அதே ஷிப்டில் கஷ்டம். ஒரு தடவைக்கே நாலு மணி நேரம். முடிந்து வந்தால் உடம்பு துவண்டுவிடும். சென்டரில் சாயங்கால நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். வயிற்று வழி டயாலிசிஸ் உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் பேசுங்கள். ராத்திரி தூங்கும்போதே மிஷின் செய்துவிடும் முறையும் அதில் உண்டு, பகல் உங்களுக்கு.

டாக்டர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் எச்.ஆர். பயந்துவிடும். எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்த நாளில் ஷிப்ட் ஆகாது என்று எழுதச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது என்பதும் வரட்டும். அதை இணைத்து, வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். 2023-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும்.

ராஜினாமாவில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்சுலின் போடுகிறேன். நைட் ஷிப்ட் செய்யலாமா?

ஊசி நேரத்தை டாக்டர்தான் மாற்றித் தரவேண்டும். சர்க்கரை இறங்கினால் சாப்பிடப் பையில் இனிப்பு வைத்திருங்கள், பக்கத்தில் வேலை செய்பவரிடம் சொல்லி வையுங்கள்.

எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்துவிட்டால் வேலை போய்விடுமா?

சாதாரண எம்சி வருஷத்துக்கு 14, 18, 22 நாள், சர்வீஸைப் பொறுத்து. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் தனிக்கணக்கு. "நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது" என்று யாராவது இனிமையாகப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நோயை ஏன் சொல்லணும்? என் அண்ணன் சொன்னான், மூன்றே மாதத்தில் வெளியே.

கோபம் புரிகிறது. எல்லாவற்றையும் சொல்லச் சொல்லவில்லை. வேலைக்கு எது இடைஞ்சலோ அதை மட்டும் சொல்லுங்கள்.

சும்மா சொல்லாதீங்க அக்கா, சூப்பர்வைசர் காதுக்குப் போனால் லைன் முழுக்கத் தெரியும்.

அதனால்தான் கடிதம் எச்.ஆருக்கு, சூப்பர்வைசருக்கு இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு வலிப்பு என்றால் மறைப்பது தப்பு, அங்கே பேச்சுக்கே இடமில்லை. கணக்கு எழுதுகிறவருக்கு லூப்பஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்றால் லைனில் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. உங்கள் அண்ணனை நீக்கியபோது கொடுத்த கடிதத்தில் காரணம் என்ன போட்டிருந்தது? நீக்கிய 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் புகார் செய்யலாம். நாள் இன்னும் இருந்தால் இன்றைக்கே போகச் சொல்லுங்கள்.

வேலையை விட்டுவிட்டு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்ஷன் கேட்கலாமா?

மேலே இரண்டு தடவை சொல்லிவிட்டேன், விடாதீர்கள்! ஈலாட் பென்ஷனுக்கு (நோயால் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கானது) கடைசி 40 மாதத்தில் 24 மாதம் சந்தா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு குறைந்துகொண்டே வரும். மனுப் போடும்போதே வேலைக்குத் திரும்பும் திட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். 2007-லிருந்து நடக்கிறது, உங்களுக்காக முதலாளியிடம் பேச ஓர் அதிகாரி வருவார்.

அக்கா, எம்சி எத்தனை நாள்?

மேலே பாருங்கள்.