மார்க் பட்டியலும் ஒரு அப்பாவின் கோபமும்

அன்புள்ள சார்,

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் விகிதமுறு எண்கள் பாடத்தில் 25 மார்க்குக்குத் தேர்வு வைத்தேன். 10க்குக் கீழே வாங்கியவர்களின் பெயரையும் மார்க்கையும் எழுதி, போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வீட்டில் கொஞ்சம் கவனிக்கட்டுமே என்றுதான். 4 மார்க் வாங்கிய பையனின் அப்பா அன்று இரவே குரல் பதிவு அனுப்பினார். "ஊருக்கே தெரியற மாதிரி எம்புள்ள மானத்தை வாங்கிட்டீங்களே டீச்சர்" என்று ஒரே கத்தல். நானும் "முதலில் அவன் நோட்டைத் திறந்து பாருங்கள்" என்று குழுவிலேயே பதில் போட்டேன். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஹெச்.எம். "விட்டுடும்மா" என்கிறார். பையன் வகுப்பில் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கேட்டால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்?

ம., திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள ம.,

கேட்க வேண்டும். பட்டியலைப் பொதுவில் போட்டதற்கு மட்டும் கேளுங்கள். பையன் 4 மார்க் வாங்கியதைப் பற்றிப் பேச உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று தோன்றுகிறது.

அந்தக் குழுவில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள், ஒன்றாக வேலைக்குப் போகிறவர்கள். நீங்கள் போட்ட படம் பையன் பையைக் கழற்றி வைப்பதற்குள் தெரு முழுக்கப் போயிருக்கும். அந்த அப்பாவிடம் யாரோ ஒருவர் "என்னப்பா, உம்புள்ள நாலு மார்க்காமே" என்று கேட்டிருக்கலாம். உங்களிடமிருந்து நேராக அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஊர் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பிள்ளையின் மானம் என்று அந்த அப்பா சொன்னதைச் சட்டமும் பொருட்டாக எடுத்துக்கொள்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நீக்க இன்னும் முடிந்தால் இன்றைக்கே நீக்குங்கள். சத்தமில்லாமல் நீக்கிவிட்டுப் போகாதீர்கள். "மார்க்கைப் பொதுவில் போட்டிருக்கக் கூடாது, வருந்துகிறேன். இனி தனித்தனியாகப் பேசுகிறேன்" என்று ஒரு வரி போதும். அதற்குக் கீழே யார் என்ன எழுதினாலும் பதில் வேண்டாம்.

அப்புறம் அவருக்கு நீங்களே போன் செய்யுங்கள். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று பையனிடம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நம் ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டாலே பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும், அப்பாவும் சண்டைக்குத் தயாராகத்தான் கிளம்புவார். வேலை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கூப்பிடுங்கள். எப்போது வர முடியும் என்று அவரே சொல்லட்டும், அம்மாவும் வந்தால் நல்லது.

அவர் வரும்போது ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் பேச வேண்டாம். காலியான வகுப்பறையில் ஒரு நாற்காலி போடுங்கள். முதலில் அவர் பேசி முடிக்கட்டும். பாதியில் "இல்லைங்க, நான் என்ன சொன்னேன்னா" என்று ஆரம்பித்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து வரும். அவர் முடித்ததும் வருத்தத்தைச் சொல்லிவிட்டு விடைத்தாளை எடுத்து வையுங்கள். "உங்க பையன் படிக்கிறதே இல்ல" என்பது உங்கள் தீர்ப்பு. அதை வைத்து அவர் வீட்டில் என்ன செய்ய முடியும், அடிப்பதைத் தவிர? "பின்னத்தைக் கூட்டும்போது மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறான், 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியிருக்கிறான், பாருங்கள்" என்றால் அது நீங்கள் கண்ட விஷயம். 2/5 என்பது அரையைவிடக் குறைவு. படிக்காத அப்பாவுக்கும் அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையாது என்பது புரியும். அதைச் சரி செய்ய வகுப்பில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

குடித்துவிட்டு வந்தாலோ, மரியாதையில்லாமல் பேசினாலோ, "இன்னொரு நாள் பேசலாங்க" என்று எழுந்துவிடுங்கள். அடுத்த முறை ஹெச்.எம். பக்கத்தில் இருக்கட்டும். எப்படி முடிந்தாலும் தேதி போட்டு, பேசியதை நாலு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டாம். அதில் எதைப் போடலாம், எது கூடாது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். இந்தப் பையனின் பெயரை மட்டும் அங்கே எடுக்காதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் இருந்த மற்றப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து யாரும் பேசவில்லை. அவர்களுக்கெல்லாம் வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டீச்சரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, பிள்ளையை மட்டும் அடித்திருப்பார்கள். கத்தியவருக்குப் போன் செய்து முடித்த கையோடு அவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள்.