பெங்களூரு அல்சூர் புகார் பக்கத்து வார்டுக்குப் போவது ஏன்?
நீங்கள் உருவாக்கும் புகார் ஆப்பின் நிரலில் (code) கை வைக்காதீர்கள், மாற்ற வேண்டியது வார்டு எல்லைகள் உள்ள வரைபடக் கோப்பைத்தான். அல்சூரில் பதியும் குப்பைப் புகாரை ஆப் பக்கத்து வார்டில் காட்டுகிறதென்றால், நீங்கள் இறக்கியது பெரும்பாலும் பழைய வரைபடம்.

கோப்பைத் திறந்து எத்தனை பாலிகன் (ஒரு வார்டின் எல்லையைக் காட்டும் மூடிய வடிவம்) என்று எண்ணுங்கள். 198 என்றால் ரொம்பப் பழசு, 243 என்றால் 2022 மறுவரையறை, 225 என்றால் 2023. அதுவும் இப்போது உதவாது, 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்துவிட்டார்களே!

அப்புறம், வார்டு எண்ணை மட்டும் சேமிக்காமல் அட்சரேகை, தீர்க்கரேகையையும் சேர்த்தே வையுங்கள், எல்லை மறுபடி மாறினாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒன்று, புது வரைபடம் போட்டாலும் எல்லைத் தெருக்களில் போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அங்கே குடியிருப்பவர்களே வார்டைத் திருத்த ஒரு பட்டன் கொடுங்கள்.