பாதியில் நின்ற தங்கையின் படிப்பு

கேள்வி: எனக்கு வயது 38. ஒரு வங்கியில் மண்டல மேலாளர் பதவிக்கு என் பெயர் பரிசீலனையில் இருக்கிறது. ஆலயத்தில் வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறேன். ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் குருசேகரக் குழுத் தேர்தலில் நிற்கும்படி பலர் வற்புறுத்துகிறார்கள். அயனாவரத்தில் அம்மா பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். பி.எட். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த தங்கை அவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு அந்தக் கிருபை இருப்பதால் அங்கே கவலையில்லை. என்னை வாட்டுவது ஒன்றுதான்: உயர வேண்டும் என்று விரும்புவது கிறிஸ்தவனுக்குப் பாவமா? உயர்ந்த பிறகு மனத்தாழ்மையைக் காத்துக்கொள்வது எப்படி?
– வாசகர், அண்ணா நகர், சென்னை

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உயர விரும்புவது பாவமா என்ற கேள்வி இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகிறது. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் உட்கார இடம் கேட்டபோது, பெரியவனாக யாரும் விரும்பக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. விரும்புகிறவன் மற்றவர்களுக்குப் பணிவிடை செய்யட்டும் என்றார். பதவி உயர்வு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் மறுபடியும் எடுத்துப் படித்தது, தங்கையைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வாக்கியத்துக்காக. ஆசிரியை ஆக வேண்டும் என்று அவருக்கும் ஓர் ஆசை இருந்தது அல்லவா? அந்த ஆசை பாவமா என்று எந்தப் பத்திரிகைக்கும் யாரும் எழுதிக் கேட்கவில்லை. அது நின்றுபோனது, நீங்களும் அதைக் கிருபை என்று எழுதிவிட்டீர்கள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். அதற்காக நள்ளிரவில் எழுந்திருக்கவும், மலஜலம் துடைக்கவும் வேண்டிய கிருபை, நம் குடும்பங்களில் மகன்களைக் கடந்து மகள்கள்மேல் மட்டும் இறங்குவது ஏன் என்று நீங்கள் ஒருமுறையாவது யோசித்ததுண்டா? உங்கள் தாயைப் பராமரிக்கும் கடமை உங்களுடையது. அதை அவர் சுமப்பதால்தான் உங்களுக்கு வங்கியில் தாமதமாக இருக்கவும் வாலிபர்களுக்குப் போதிக்கவும் நேரம் கிடைக்கிறது.

மாற்கு 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கிவைத்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். அவர்கள் நாத்திகர்கள் அல்லர். உங்களையும் என்னையும் போல ஆலயத்தில் முன்வரிசையில் நின்றவர்கள். தாயின் கட்டிலருகே செலவிட வேண்டிய மாலைகளை வாலிபர் ஐக்கியத்துக்குக் கொடுப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

லட்சியமும் இந்தக் கடமையும் ஒன்றுக்கொன்று பகை என்றும் எண்ண வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் மருத்துவராகும் நோக்கத்தோடு திண்டிவனத்துக்கு வரவில்லை. நோயுற்ற தாய்க்குத் துணையாக இருக்கவே வந்தார். அங்கேதான் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்காக உதவி தேடி வந்தார்கள். ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விடும் வழக்கம் அவர்களிடம் இல்லாததால் அந்த மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகே அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதைவிடப் பெரிய ஆசையை நான் அறியேன். அது தாயைப் பார்த்துக்கொள்ள வந்த இடத்தில் பிறந்தது.

இந்த வாரமே அயனாவரத்துக்குப் போங்கள். தங்கையிடம் வசனம் எதுவும் சொல்லாமல் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, படிப்பைத் தொடர விருப்பமா என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை முழுமையாகக் கேளுங்கள். விருப்பம் என்றால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்று கல்லூரியிலும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் நீங்களே அலைந்து விசாரியுங்கள். கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள். சம்பள உயர்விலிருந்து பகலுக்கு ஒரு பராமரிப்பாளரை அமர்த்துங்கள். வாரத்தில் பாதி இரவுகளாவது அம்மாவின் அறையில் நீங்கள் படுக்க வேண்டும். மணமானவராக இருந்தால் அந்த வேலையை மனைவியின் தலையில் இறக்கவும் கூடாது. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கத் தங்கையிடமே கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட மனத்தாழ்மைக்கு வேறு பயிற்சி எனக்குத் தெரியாது.

தேர்தலுக்கு இந்த முறை மனுக் கொடுக்க வேண்டாம். வற்புறுத்துகிறவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களில் சிலருடைய வீட்டிலும் இப்படி ஒரு தங்கை இருக்கலாம்.