காவடி விரதத்துக்காக மெதடோனையும் ரம்மையும் ஒரே நாளில் நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. பிரவுன் சுகர் என்னும் ஹெராயின் போதைப் பழக்கத்தை விடுவதற்காக, அதற்கு மாற்றாக மருத்துவர்கள் தரும் மெதடோன் மருந்தை இரண்டு ஆண்டுகளாகக் குடித்துவருகிறான். ஆனால் மாலையானால் ரம் இல்லாமல் முடியாது. கிட்டத்தட்ட அரைப் போத்தல் போகிறது. தூக்கமில்லை, தனியே உட்கார்ந்து அழுகிறான். தைப்பூசக் காவடி நேர்ந்திருப்பதால், பத்து நாள் விரதம் தொடங்கும் அன்றே இரண்டையும் விட்டுவிடுவேன் என்கிறான். குடியாசை போகும் என்று நண்பர் ஒருவர் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை தந்திருக்கிறார். கொடுக்கலாமா?
ஓர் அக்கா, மொரீஷியஸ்

பதில்: முதலில் அந்த மாத்திரை தம்பியின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நால்ட்ரெக்ஸோன் குடிவேட்கையைக் குறைக்கும் நல்ல மருந்துதான். ஆனால் மெதடோன் மூளையில் எந்த ஏற்பிகளில் (மருந்து போய் ஒட்டும் இடங்களில்) வேலை செய்கிறதோ அதே ஏற்பிகளை அது அடைத்துவிடும் என்பதால், மெதடோன் குடிப்பவர் ஒன்றை விழுங்கினாலும் சிறிது நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பு முறுக்கல் என, மருந்து திடீரென நின்றால் வரும் கடுமையான விலகல் துன்பத்தில் சிக்கிக்கொள்வார்.

அடுத்தது ரம். எப்போதாவது குடிப்பவர் விரதத்துக்காக நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. நாள்தோறும் இந்த அளவு குடிப்பவர் திடீரென நிறுத்தும்போது சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கி, முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாதது கண்ணில் தெரியும் பிதற்றல் நிலை ஏற்பட்டு, கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டார் சிலர் இதைச் சாமி வந்ததாக எண்ணிக் காலம் கடத்திவிடுவதும் உண்டு. வலிப்பைத் தடுக்க டையாஸெபாம் போன்ற மருந்தைத்தான் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்போம். ஆனால் அது மெதடோனுடன் சேர்ந்தால் மூச்சைத் தாழ்த்தும். ஆகவே உங்கள் தம்பி வீட்டில் அல்ல, மருத்துவமனையில் தங்கித்தான் குடியை நிறுத்த வேண்டும். விரதத்துக்குச் சில வாரம் முன்பே அதைத் தொடங்குங்கள். வைட்டமின் பி1 ஊசியும் அங்கேயே போடுவார்கள். பிறகு ஆசை திரும்பாமலிருக்க அகாம்ப்ரோசேட் கொடுக்கலாம். அது மெதடோனோடு மோதாது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்க்க வேண்டும்.

மெதடோனை இப்போது நிறுத்த வேண்டாம். விரதத்தின் விதியைச் சொல்ல நான் குருக்கள் அல்லன். ஆனால் விரதமிருக்கும் சர்க்கரை நோயாளி இன்சுலினை விடுவதில்லை. 2006 முதல் இந்நாட்டில் தரப்படும் மெதடோன் சிகிச்சையை இடையில் விட்டவர்கள் பழைய அளவு பிரவுன் சுகருக்குத் திரும்பும்போது உடம்பின் தாங்கும் திறன் குறைந்திருப்பதால் மூச்சு நின்றுபோகலாம். தொடர்ந்து மூன்று நாள் மெதடோன் தவறினாலும் பழைய அளவை அப்படியே குடிக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அழுகையும் தூக்கமின்மையும் ரம்மால் வந்தவையா, தனியான மனச்சோர்வா என்பது குடி நின்று சில வாரத்தில் தெளிவாகும். அதற்காக மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். மெதடோன் ஓரிடத்தில், மன மருந்து இன்னோரிடத்தில் என்று இருந்தால் ஓரிடத்தில் குடியையும் மற்றோரிடத்தில் மெதடோனையும் நோயாளி மறைத்துவிடுகிறார். மனச்சோர்வு மருந்துகளில் சில மெதடோனுடன் சேர்ந்து இதயத்துடிப்பின் சீரைக் குலைக்கும். ஆகவே எல்லா மருந்தும் எழுதிய ஒரே தாளை இரு இடத்திலும் காட்டுங்கள். தைப்பூசத்தன்று மெதடோன் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவைத்தால், தம்பி அதைக் குடித்துவிட்டே காவடி எடுக்கப் போகலாம்.