கடை கை மாறும்போது கம்பெனிக்கு எவ்வளவு?

கேள்வி: பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் நன்றாக ஓடும் ஒரு டீக்கடை ஃபிரான்சைஸை (ஒரு கம்பெனியின் பெயரில் நடத்தும் கடை) 9 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறேன். இப்போது கம்பெனி, உரிமையை என் பெயருக்கு மாற்ற 1 லட்சம், பயிற்சிக்கு 25 ஆயிரம், மேலே ஜி.எஸ்.டி. என்கிறது. விற்பவரோ "அது உங்க பாடு" என்கிறார். கட்டித்தான் ஆக வேண்டுமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: ஃபிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, விற்பவரும் கம்பெனியும் போட்ட கையெழுத்துதான் பேசும். அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, உரிமை மாற்றம் பற்றிய பத்தியைப் படியுங்கள். கட்டணம் குறிப்பிட்ட தொகையாக இருக்கலாம். அன்றைய ஃபிரான்சைஸ் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்றும் இருக்கலாம். "கம்பெனி தீர்மானிக்கும் தொகை" என்றிருந்தால் மட்டும், தொகையை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் நகர்த்தாதீர்கள். யார் கட்டுவது என்பதும் அங்கேயே இருக்கும். விற்பவர் தலையில் எழுதியிருந்தால் 9 லட்சத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

1,25,000-க்கு 18 சதவீத வரி 22,500. மொத்தம் 1,47,500. 5 சதவீத ஜி.எஸ்.டி.யில் ஓடும் டீக்கடைக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது. அந்த 22,500 போனது போனதுதான்.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி? 5 வருடத்தில் 4 முடிந்திருந்தால், 9 லட்சத்துக்கு நீங்கள் வாங்குவது ஒரே ஒரு வருடம். அப்புறம் புதுப்பிப்புக் கட்டணம் வேறு. புது ஆள் வந்தால் போர்டு, கவுன்டர் எல்லாம் புது டிசைனுக்கு மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும். பெயர் மாற்றும் கட்டணத்தைவிட அது பெரிய செலவாகலாம்.

டெபாசிட்டில்தான் பலர் இரண்டு முறை கட்டுகிறார்கள். விற்பவர் கம்பெனியில் வைத்த டெபாசிட்டும், கட்டட உரிமையாளரிடம் உள்ள அட்வான்ஸும் 9 லட்சத்துக்குள் அடக்கமா? மாத வாடகை 30 ஆயிரம் என்றால், நம்மூர் வழக்கப்படி 10 மாத அட்வான்ஸே 3 லட்சம். உரிமையாளர் உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போடச் சம்மதித்தாரா என்றும் நேரில் கேளுங்கள். கடைக்குள் பாய்லர், ஃப்ரீஸர், பில்லிங் மெஷின் மூன்றையும் சீரியல் நம்பரோடு எழுதுங்கள். இவற்றில் சில, கம்பெனியின் சொத்தாக இருக்கும்; விற்பவர் அதையும் விலையில் சேர்த்திருப்பார்.

முதலில் சிறு டோக்கன் மட்டும். கம்பெனியின் எழுத்துச் சம்மதமும், ராயல்டி (விற்பனையில் கம்பெனிக்குப் போகும் பங்கு), சரக்குப் பாக்கி இல்லை என்ற தேதியிட்ட கடிதமும் வந்த பிறகு மூவரும் சேர்ந்து கையெழுத்து. அன்றுதான் மீதிப் பணம். சம்மதம் இல்லாமல் சாவி வாங்கினால் கம்பெனி சரக்கை நிறுத்திவிடும், பெயர்ப் பலகையும் இறங்கும்.

கேள்வி: விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணிலேயே கொஞ்ச நாள் பில் போடலாமா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கூடாது. தனிநபர் கடையின் ஜி.எஸ்.டி. எண் அவருடைய பான் எண்ணோடு ஒட்டியது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடையை ஓடும் நிலையிலேயே வாங்கினால், கை மாறிய நாளிலிருந்து உங்கள் பெயரில் பதிவு வேண்டும். உணவுக்கடையானால் உணவுப் பாதுகாப்பு உரிமமும் புதிதாக. கை மாறும் வரை விற்பவர் வைத்த ஜி.எஸ்.டி. பாக்கிக்கு, மொத்தக் கடையையும் வாங்கிய நீங்களும் சட்டப்படி பொறுப்பாளி. ஆகவே அவர் தாக்கல் செய்த ரிட்டர்ன்களை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வாங்கிப் பாருங்கள்.