பழைய ஸ்போர்ட்ஸ் காரும் எஞ்சின் சத்தமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சத்தம் பற்றியவை. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவு திறந்தது, திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் போர்ட்டிகோவில் கவர் போட்டுக் கிடந்த இரண்டு கதவுக் கார்கள் பல வீதிக்கு வந்திருக்கின்றன. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் "எஞ்சினில் டக் டக் என்று கேட்கிறது, என்ன காரணம்?" என்று ஒரு வரி மட்டும் எழுதினால் எனக்குப் பதில் சொல்ல வழியில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, நிற்கும்போதா ஏற்றத்திலா, கிளச்சை மிதித்தால் மாறுகிறதா? இது மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1992 மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஐந்து பத்து நிமிடம் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் சத்தம், அப்புறம் நின்றுவிடும். கராஜில் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். (வெள்ளவத்தை)

வேண்டாம் தம்பி, இப்போதைக்கு ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல் பாகத்தில்) கை வைக்க விடாதீர்கள். இந்த எஞ்சினில் வால்வுக்கு மேலே வாளி மாதிரி மூடி இருக்கும் ஒவ்வொரு பக்கெட்டுக்குள்ளும் ஒயில் அழுத்தத்தால் வேலை செய்கிற சின்ன உருளை ஒன்று உண்டு. இடைவெளியை அதுவே நிரப்பிக்கொள்ளும், கையால் அட்ஜஸ்ட் பண்ண எதுவும் இல்லை. கார் ஓடாமல் நின்றால் அதற்குள் இருக்கிற ஒயில் வடிந்துவிடும், ஒயில் பழையதாகி அழுக்குப் பிடித்தால் திரும்ப நிரம்ப நேரம் எடுக்கும், அதுவரை டிக் டிக். இந்தக் காரில் இது ரொம்பச் சாதாரணம், அவசர ஆபத்தும் இல்லை.

முதலில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், நல்ல 10டபிள்யூ-40 போதும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம், ஒயில் கூடிப்போய் நுரைத்தாலும் இதே சத்தம் வரும். பிறகு காரை நன்றாகச் சூடாக்கி ஒரு நீண்ட ஓட்டம் கொடுங்கள். காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில் முதல் கியரில் நகர்வது ஓட்டமே இல்லை. கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி, ஒரு கியர் குறைவாக வைத்து, காலி வரை போய் வாருங்கள். ஒன்றிரண்டு தடவையில் சத்தம் குறைந்தால் விஷயம் முடிந்தது. சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் மட்டும் கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) கழற்றி அந்த உருளைகளைச் சுத்தம் பண்ணுவதோ மாற்றுவதோ பற்றி யோசிக்கலாம்.

உங்களுடையது 92 என்பதால் ஒரு பயம் உங்களுக்கு இல்லை. 1989இலிருந்து 91 வரை வந்த முதல் தொகுதி 1.6 வைத்திருப்பவர்கள் எஞ்சின் ஓடும்போது கீழே கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் பிரதான தண்டு) புல்லியை டோர்ச் அடித்துப் பாருங்கள். அது தள்ளாடிச் சுற்றினால் கிராங்கின் மூக்குப் பகுதியில் சாவி (புல்லி நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) உட்காரும் பள்ளம் தேய்ந்திருக்கலாம், அப்படியானால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஆள் தேடுங்கள்.

டொயோட்டா ஏஈ86, 4ஏ-ஜிஈ எஞ்சின். எப்போதும் டிக் டிக். ஒரு பாஸ் டேப்பெட் என்கிறார், இன்னொருவர் தடித்த ஒயில் ஊற்றச் சொல்கிறார். (தெஹிவளை)

தடித்த ஒயில் ஊற்றுவது காய்ச்சலுக்குப் போர்வை போடுவது மாதிரி, உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். டேப்பெட் சத்தம் என்றால் வால்வு இடைவெளி கூடிப்போன சத்தம். இந்த எஞ்சினில் தானாக நிரப்பும் உருளை கிடையாது, பக்கெட்டுக்கு மேல் ஷிம் (மெல்லிய வட்டத் தகடு) வைத்து அளவு சரிபண்ண வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், எக்ஸோஸ்ட் 0.20 முதல் 0.30. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து பதினாறு வால்வையும் அளந்து தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பார்த்தாச்சு, சரி" என்று வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம்.

அளப்பதற்கு முன்னால் ஒன்று. எக்ஸோஸ்ட் மேனிஃபோல்ட் (ஹெட்டிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்கள்) கேஸ்கெட் லீக் ஆனாலும் அச்சு அசலாக டேப்பெட் மாதிரியே கேட்கும். விடிய எழுந்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும், மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்துக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். விரலில் சின்னச் சின்னதாகக் காற்று குத்தும். அந்த இடத்தில் மெழுகுதிரிப் புகை படிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடும் இருக்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் ஓட்டை அடைபட்டுச் சத்தம் குறையும். கேஸ்கெட் வேலைக்கு ஹெட் வேலையின் காசு கொடுத்த பலரை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சத்தத்தின் வேகத்தையும் கவனியுங்கள். 900 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு செக்கனுக்கு 15 தடவை சுற்றும், கேம் அதில் பாதி, ஏழரை. டைமிங் லைட்டை (பிளக் பொறி விடும்போதெல்லாம் மின்னும் விளக்கை) முதலாம் பிளக் வயரில் மாட்டிப் பாருங்கள், அது இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் மின்னும். மின்னலோடு சத்தம் ஒன்றுக்கொன்றாகச் சேர்ந்து வந்தால் அது கேம் வேகம், மேலே தேடுங்கள். ஒரு மின்னலுக்கு இரண்டு அடி கேட்டால் கீழே தேடுங்கள்.

எம்ஜிபி. சூடேறிய பிறகு 2000, 2500 ஆர்பிஎம்மில் கால் எடுத்தால் அடியிலிருந்து கனமாக டொக் டொக். (கொட்டாஞ்சேனை)

ஐயா, இதைப் படித்து முடித்ததும் காரை நிறுத்திவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பயணம் எல்லாம் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கிற மூன்று அடையாளமும் பிக் எண்ட் பேரிங்கை (கொனெக்டிங் ரொட் கிராங்கோடு சேரும் இடத்தில் இருப்பதை) காட்டுகின்றன: சூடானதும் கூடுகிறது, கால் எடுத்ததும் கேட்கிறது, சத்தம் கனமானது. பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிப்பது) என்றால் தலைகீழ், குளிரில் கேட்டுச் சூட்டில் குறையும்.

ஒயில் பிரஷர் மீட்டர் என்ன சொல்கிறது? இந்த எஞ்சினுக்குச் சூடான பிறகு ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐட்லில் (கால் வைக்காமல் எஞ்சின் ஓடும்போது) 10 முதல் 25 இருக்க வேண்டும். அப்புறம் காரை ஓட்டாமல், நின்ற இடத்திலேயே ஐட்லிலிருந்து கொஞ்சம் மேலே வைத்து, இன்சுலேஷன் உள்ள குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக ஓரிரு செக்கன் மட்டும் எடுத்து மாட்டுங்கள். எந்த சிலிண்டரை நிறுத்தியதும் டொக் சத்தம் மெலிகிறதோ அந்த சிலிண்டரின் பேரிங்தான். கடைசியாக ஒயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் இருந்தால் காந்தம் வையுங்கள். ஒட்டாத துகள் பேரிங் உலோகமாக இருக்கும், ஒட்டுவது இரும்பு.

என் சொந்த அனுபவம் ஒன்று. என்னுடைய முதல் காரில் இதே சத்தம் வந்தபோது ஒரு கராஜில் டேப்பெட் என்று சொல்லி, தடித்த ஒயிலோடு ஏதோ மருந்தும் ஊற்றி அனுப்பினார்கள். இரண்டு வாரம் அமைதி. வெலிப்பன்ன தாண்டி அதிவேகப் பாதையில் போகும்போது கொனெக்டிங் ரொட் முறிந்து, பிளொக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. உள்ளங்கை அளவு ஓட்டை. பின்னர் கழற்றிய மற்ற சிலிண்டர் ஷெல் (பேரிங்கின் மெல்லிய அரைவட்டத் தகடு) ஒன்றை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன். சாம்பல் நிறப் பூச்சு முழுவதும் போய்ச் செம்பு நிறம் தெரிகிறது, ஒரு ஓரம் காகிதம் போல மெலிந்து சுருண்டிருக்கிறது. அந்த இரண்டு வாரத்துக்குள் சம்பை (அடியில் இருக்கும் ஒயில் தொட்டியை) கழற்றியிருந்தால் ஒரு செட் ஷெல்லோடு முடிந்திருக்கும். உங்களுக்கு இன்னும் அந்த வாய்ப்பு இருக்கிறது. கிராங்கில் கீறல் விழாவிட்டால் ஷெல் மட்டும், விழுந்திருந்தால் கிராங்கைக் கிரைண்ட் பண்ணி அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல். அளக்காமல் யாரும் ஷெல் ஓடர் பண்ண வேண்டாம்.

கண்டி போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் கண்ணாடிக் குண்டுகள் குலுங்கும் சத்தம். கொழும்பில் கேட்பதே இல்லை. எம்எக்ஸ்-5, 1.6. (இராஜகிரிய)

கொழும்பில் ஏற்றமே இல்லையே, எங்கே கேட்கும்? இது பிங்கிங். பெற்றோல் தன் நேரத்துக்கு முன்னால், தானாகவே வெடிக்கிறது. டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) யாராவது மாற்றினார்களா என்று பாருங்கள். கம்பனி அளவு 10 டிகிரி, கார் சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று 14 வரை ஏற்றிவிடும் பழக்கம் இந்தக் காரில் உண்டு. ஏற்றியிருந்தால் 95 ஒக்டேன் போடுங்கள், 92தான் போடுவீர்கள் என்றால் 10க்கு இறக்குங்கள். அளக்கும்போது டயக்னோஸ்டிக் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியூட்டர் டைமிங்கை மாற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் பார்க்கும் எண் பொய். ஏற்றத்தில் சத்தம் வந்தால் உடனே இரண்டாம் கியருக்கு வாருங்கள். தொடர்ந்து பிங் ஆனால் பிஸ்டன் போய்விடும்.

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். கிளச் மிதித்தால் எஞ்சின் சத்தமும் ஐட்லும் மாறுகின்றன. (கல்கிசை)

மிதித்தால் சீறல் வந்து, விட்டால் நின்றால் கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஆனால் எஞ்சினே அமுங்குவது மாதிரித் தெரிந்தால் வேறு விஷயம். இந்த எஞ்சினில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அரைவட்டமான இரண்டு திரஸ்ட் வொஷர்கள். அவை தேய்ந்தால் கழன்று சம்புக்குள் விழும், அப்புறம் கிராங்க் பிளொக்கையே அரைக்கும். எஞ்சினை நிறுத்தி, ஒருவரைக் கிளச் மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் முன் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்தால் ஓட்டாதீர்கள். நகரவில்லை என்றால் ரிலீஸ் பேரிங் மாற்றுவதோடு முடிந்துவிடும்.

3000 ஆர்பிஎம்மில் மட்டும் ஸ்ஸ்ர்ர் என்று தகர அதிர்வு. (மரைன் டிரைவ்)

ஹீட் ஷீல்ட், அதாவது எக்ஸோஸ்ட் சூட்டை மறைக்கும் தகரம். கடல் உப்பில் போல்ட் துளை துருப்பிடித்துப் பெரிதாகியிருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு கையால் தட்டிப் பாருங்கள், அதே சத்தம் வரும். பெரிய ஹோஸ் கிளிப் ஒன்று சுற்றி இறுக்கினால் போதும்.

போனில் ரெக்கோர்ட் பண்ணி அனுப்பினால் சொல்வீர்களா? (பலர்)

அனுப்புங்கள், ஆனால் போன் மைக் மெல்லிய டிக் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அடியிலிருந்து வரும் கனமான சத்தத்தை விழுங்கிவிடும். அதனால் உங்கள் காதும் வேண்டும். நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதோடு வைத்து, நுனியை வால்வு கவர், பிளொக், சம்ப், ஒல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேளுங்கள், பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கிட்டப் போகாதீர்கள். எங்கே கூடுதலாகக் கேட்டது என்று எழுதுங்கள். ரெக்கோர்டிங்கில் குளிர்ந்த ஸ்டார்ட், அரை நிமிடம் ஐட்ல், அப்புறம் மெதுவாக 3000 வரை ஏற்றிக் கால் எடுப்பது, எல்லாம் வெட்டாமல் ஒரே துண்டாக இருக்கட்டும். கடைசியாக ஒயில் எப்போது மாற்றினீர்கள், என்ன கிரேட் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.