பாதி முறுக்கு, பாதி விரிப்பு: வாசகிகள் கேட்டவை

காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் முடி எடுத்து முறுக்கி, பின்னால் சேர்த்துக் கட்டி, மீதியை அப்படியே விட்டுவிடும் ஹாஃப்-அப் அலங்காரம் பற்றித்தான் இந்தத் தடவை கேள்விகள் அதிகம். கை பழகிவிட்டால் பத்து நிமிட வேலை. அவிழ்கிறது, வலிக்கிறது, தலையோடு ஒட்டிப்போகிறது என்று வந்த குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: நிற்க வேண்டுமே என்று இறுக்கிவிடுகிறோம். முறுக்கு நிற்பதும் அவிழ்வதும், எந்தப் பக்கம் முறுக்கினோம், பின்னை எந்தப் பக்கமாகச் செருகினோம் என்பதைப் பொறுத்தது.

ஆனித் தேருக்கு இந்த மாதிரிப் போட்டுட்டுப் போனேன். வாகையடி முக்கு தாண்டுறதுக்குள்ள ரெண்டு பக்கமும் அவுந்து தொங்கிட்டு. நல்லா இறுக்கித்தான் முறுக்குனேன். எங்க தப்பு?
– திருநெல்வேலி டவுண்

நீங்கள் ஒரே புரியாக எடுத்து முறுக்கியிருப்பீர்கள். ஒற்றைப் புரியை எவ்வளவு இறுக்கினாலும், கையை எடுத்ததும் அது வந்த வழியே திரும்பிச் சுழலும். இரண்டு புரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் முறுக்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றினால், ஒன்று அவிழப் பார்க்கும் விசையை மற்றது பிடித்துக்கொள்ளும். கயிறு திரிப்பதும் இதே கணக்கில்தான்.

முதலில் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். வகிடு எடுத்து, வலது நெற்றிப்பொட்டுக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு முடியைப் பிரித்து, அதை மேல்புரி, கீழ்ப்புரி என்று சரிபாதியாக்குங்கள். இரண்டையும் பின்பக்கமாக நீட்டிப் பிடித்து, ஒவ்வொன்றையும் மேல்நோக்கி, அதாவது முகத்தை விட்டு விலகும் பக்கமாக, மூன்று நான்கு சுற்று முறுக்குங்கள். இப்போது மேல்புரியை வெளிப்பக்கமாகக் கொண்டுவந்து கீழ்ப்புரியின் மேல் போட்டுக் கீழே இறக்குங்கள். கீழே இருந்தது மேலே வந்துவிடும். மறுபடி இரண்டையும் மேல்நோக்கி ஒரு சுற்று முறுக்கி, மறுபடி மேலே இருப்பதை வெளிப்பக்கமாகக் கீழே இறக்குங்கள். மேல்நோக்கி முறுக்கு, கீழ்நோக்கிச் சுற்று: இந்த வரிசை ஒரு இடத்தில் மாறினாலும் அந்த இடத்திலிருந்து அவிழ ஆரம்பிக்கும். பலருக்கும் இது தவறுவது பாதி வழியில், கை வலித்துப் பிடி மாற்றும்போதுதான்.

பின்மண்டையின் நடு வரைக்கும் வந்ததும் ஒரு கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, இடது பக்கத்தையும் அதே மாதிரி செய்யுங்கள். இடது பக்கத்திலும் விதி அதேதான். கண்ணாடியைப் பார்த்துச் செய்தால் குழம்பும், விரல் உணர்வை நம்புங்கள். இரண்டு முனைகளையும் சேர்த்துச் சின்ன ரப்பர் பேண்டு போடுங்கள். கடைசியாக, ரப்பர் பேண்டுக்கு மேலே முடியை விரலால் இரண்டாகப் பிளந்து, கட்டிய குஞ்சத்தை மேலிருந்து அந்த இடைவெளிக்குள் விட்டுக் கீழே இழுத்துவிட்டால், ரப்பர் மறைந்து அழகான ஒரு மடிப்பு வரும்.

முறுக்கு மெல்லிசாகத் தெரிந்தால், ரப்பர் பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முறுக்கின் வெளி ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தளர்த்துங்கள். பின்னாலிருந்து ஆரம்பித்து முகத்தை நோக்கி வர வேண்டும். முன்னாலிருந்து ஆரம்பித்தால் நெற்றியோரம் குட்டி முடியெல்லாம் வெளியே வந்துவிடும், அதை மறுபடி உள்ளே தள்ள முடியாது.

தலைக்குக் குளிச்ச அன்னைக்கு ஒரு பின் கூட நிக்க மாட்டேங்கு. எண்ணெய் வச்சா தலை ஒட்டிக்கிடுது. ஆச்சி எண்ணெய் வைக்காம வெளிய விட மாட்டாங்க, தலையை விரிச்சுப் போட்டாலும் ஏசுதாங்க.
– பாளையங்கோட்டை

தலை விரித்துப் போடுவதற்கும் சடை பின்னுவதற்கும் நடுவில் இருக்கும் அலங்காரம் இது. முன்முடி முகத்தில் விழாமல் கட்டியிருப்பதால் ஆச்சிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

எண்ணெய்க்கு வழி இருக்கிறது. முந்தின நாள் ராத்திரியே அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் தடவுங்கள். முறுக்கும் பகுதியில் வேண்டாம். எண்ணெய் முடிகளைக் கற்றை கற்றையாக ஒட்டவைக்கும், இடையில் தலையின் தோல் தெரியும். குளித்த அன்று முடி வழுக்கத்தான் செய்யும். விசேஷத்துக்கு முந்தின நாள் தலைக்குக் குளிப்பது எல்லா வகையிலும் நல்லது. முடியாவிட்டால், விரல் நுனியில் ஒரு சிட்டிகை பவுடர் எடுத்து, நன்றாகத் தேய்த்துவிட்டு, முறுக்கப்போகும் முடியின் வேரில் மட்டும் தொடுங்கள். அதற்கு மேல் போனால் கறுப்பு முடியில் வெள்ளையாகத் தெரியும்.

பின்னை நீங்கள் தலைகீழாகச் செருகவும் வாய்ப்பு உண்டு. ஹேர்பின்னின் ஒரு கால் நேராகவும் மற்றது வளைந்து வளைந்தும் இருக்கிறதல்லவா, வளைந்த கால்தான் தலையின் தோலைப் பார்த்து இருக்க வேண்டும். முடியைப் பிடிப்பது அந்த வளைவுகள்தான். நேரான கால் வெளியே இருந்தால் பார்வைக்கும் சுத்தம்.

திசை அதைவிட முக்கியம். முறுக்கு முன்னாலிருந்து பின்னால் போகிறது என்றால், பின்னைப் பின்னாலிருந்து முன்னால், முகத்தை நோக்கிச் செருகுங்கள். முறுக்கில் கொஞ்சம் முடி, அதற்கு அடியில் உள்ள முடியில் கொஞ்சம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முறுக்கிய முடி தன் பழைய இடத்துக்கு, அதாவது முன்பக்கம், திரும்பத்தான் இழுக்கும். அப்படி இழுக்கும்போது இந்தப் பின் இன்னும் உள்ளேதான் போகும். முன்னாலிருந்து பின்னால் செருகினால் அதே இழுப்பில் வெளியே வந்துவிடும். ரொம்ப வழுக்கும் முடி என்றால் இன்னொரு பின்னை முதல் பின்னின் மேல் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போடுங்கள். பக்கத்துக்கு இரண்டு போதும். எட்டுப் பத்து பின் தேவைப்படுகிறது என்றால் முறுக்கிலேயே பிழை இருக்கிறது.

நுனியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் உருண்டை போன பின்களை யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். தலையைக் கீறிவிடும்.

கல்யாண வீட்டுக்கு ரெண்டு முழம் பிச்சி வச்சா பின்னால முடிச்சு அப்படியே கீழ இறங்கிருது. பூவும் வேணும், ஹாஃப்-அப்பும் வேணும்.
– அம்பாசமுத்திரம்

இரண்டு முழம் என்பது சடைக்கான கணக்கு. ஹாஃப்-அப்பில் பூவைத் தாங்குவது மேல்பாதி முடி மட்டும். நெருக்கமாகத் தொடுத்த பிச்சியில் ஒரு முழம் போதும். அதை இரண்டாக மடித்தால் பக்கத்துக்கு அரை முழம் தொங்கும், பார்க்கவும் நிறைவாக இருக்கும்.

முடிச்சின்மேல் பூவைத் தொங்கவிடுவதுதான் எல்லோரும் செய்வது, இறங்குவதும் அதனால்தான். முடிச்சுக்கு அடியில், முறுக்காத முடியில் ஒரு ஹேர்பின்னைக் குறுக்காக மாட்டுங்கள். பூச்சரத்தின் நடு நாரை அந்தப் பின்னுக்குள் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொண்டை ஊசி குத்துங்கள். பாரம் முறுக்கில் இறங்காமல் அடிமுடியில் நிற்கும். தண்ணீர் தெளித்து வைத்திருந்த பூ என்றால், ஒரு துணியில் வைத்து ஈரம் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள். ஈரப்பூவின் பாரமும் அதிகம், சொட்டுகிற தண்ணீரில் முறுக்கும் தளரும். ஹேர் ஸ்ப்ரே அடிப்பதானால் பூ வைப்பதற்கு முன்னாலேயே அடித்துவிடுங்கள்.

நாள் முழுக்க நிற்க வேண்டுமென்றால் கனகாம்பரம் நல்ல தேர்வு. வாசம் கிடையாது, ஆனால் பாரமும் கிடையாது, சீக்கிரம் வாடாது.

ஸ்கூட்டியில வள்ளியூர் வரைக்கும் வேலைக்குப் போறேன். ஆடிக் காத்து, மேல ஹெல்மெட். போய்ச் சேரும்போது தலை ஒரே சிக்கு.
– பணகுடி

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் உங்கள் ஊரைப் புரட்டி எடுக்கும் காற்று. காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதே அதனால்தான். அந்தக் காற்றில் விரித்த முடியோடு வண்டி ஓட்டினால் எந்த அலங்காரமும் தாங்காது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள்.

வீட்டில் இரண்டு பக்க முறுக்கை மட்டும் முடியுங்கள், ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் சேர்க்காமல் பிடரிக்கு இறக்கி ரப்பர் பேண்டில் கட்டுங்கள். கீழே விட்ட முடியைத் தளர்வாக ஒரு சடை பின்னிச் சட்டைக்குள்ளோ துப்பட்டாவுக்குள்ளோ விட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்கு அடியில் பின், கிளிப், கொண்டை எதுவும் கூடாது. மேலே முடிச்சு இருந்தால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. விழுந்தால் அந்த உலோகப் பின்னே தலையில் குத்தும். அழகைவிட இது பெரிய விஷயம், தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். அலுவலகம் போனதும் சடையை அவிழ்த்து, பையில் வைத்திருக்கும் இரண்டு ஹேர்பின்களால் முறுக்கைக் கொஞ்சம் உயர்த்திக் குத்திக்கொள்ளலாம். பின்னிய முடி அவிழ்த்ததும் லேசாக அலை அலையாக நிற்பது கூடுதல் லாபம்.

எங்க ஊரு போர் தண்ணி உப்பு. முடி நார் மாதிரி கிடக்கு, முறுக்குனா முள்ளு முள்ளா நிக்கு.
– திசையன்விளை

உப்புத் தண்ணீரிலும் கடினத் தண்ணீரிலும் உள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாக முடியில் ஒட்டிக்கொள்ளும். தலைக்கு சோப்பு போடுவதை முதலில் நிறுத்துங்கள். ஷாம்பூவோ சீயக்காயோ தேய்த்து அலசியபின், கடைசி இரண்டு லிட்டர் மட்டும் குடிதண்ணீரோ சேமித்த மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். மாதம் இரண்டு தடவை, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து முடியில் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு அலசினால் படிவம் இளகும். தலையில் புண் இருந்தால் வேண்டாம்.

முறுக்கும்போது, உள்ளங்கையில் சில சொட்டு தண்ணீரும் இரண்டு சொட்டு எண்ணெயும் சேர்த்துத் தேய்த்து, புரியின் மேல் ஒரு தடவை ஓட்டினால் முள் அடங்கும். அதற்காக ஈரத்தலையோடு முறுக்கிவிடாதீர்கள். நனைந்த முடி உப்பியிருக்கும். காய்ந்ததும் மெலிந்து முறுக்கு தளர்ந்துவிடும். ஈர முடி சுலபமாக அறுந்தும் போகும்.

மகளுக்கு எட்டு வயசு. முறுக்கிப் போட்டா தலை வலிக்குன்னு அழுதா. முடி கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் இது.
– சங்கரன்கோவில்

வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அது இறுக்கம்தான், நடிப்பு இல்லை. கட்டி முடித்ததும் அவளைப் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றியோரம் சுருக்கென்று இழுத்தால் தளர்த்த வேண்டும். முறுக்கின் அடியில் உங்கள் சுண்டுவிரல் நுழைய வேண்டும்.

அவள் வாரம் ஆறு நாள் ரெட்டைச் சடையில் இருக்கிறாள் என்பதையும் யோசியுங்கள். ஒரே இடத்தில் மாதக்கணக்காக இழுபட்டால் நெற்றியோரமும் காதுக்கு முன்னாலும் முடி மெலியும். அந்த இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளமோ, உடைந்த குட்டி முடிகளோ தெரிந்தால் இழுப்பை உடனே நிறுத்துங்கள். ஆரம்பத்தில் விட்டால் முடி திரும்ப வளரும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வராமலே போகலாம். ஞாயிற்றுக்கிழமை வகிட்டைக் கொஞ்சம் நகர்த்தி எடுங்கள், முறுக்கை நெற்றியோரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி ஆரம்பியுங்கள். பின் வேண்டாம், துணி சுற்றிய ரப்பர் பேண்டு போதும். நோட்டுக் கட்டும் ரப்பரை மட்டும் குழந்தை தலையில் போடாதீர்கள். கழற்றும்போது முடியைப் பிய்த்துக்கொண்டு வரும். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, சின்னக் கத்தரியால் ரப்பரை வெட்டி எடுங்கள்.

சுருட்டை முடிக்கு இது வருமா?
– தென்காசி

வரும், மற்றவர்களைவிட நன்றாகவே நிற்கும். சுருள் ஒன்றையொன்று கோத்துக்கொள்வதால் பெரும்பாலும் பின்னே தேவைப்படாது. காய்ந்தபின் சீப்பு போடாதீர்கள். குளிக்கும்போதே விரலால் சிக்கெடுத்து, முழுக்கக் காய்ந்தபின் விரலாலேயே பிரித்து முறுக்குங்கள். சாரல் நாளில் சுருட்டை இன்னும் உப்பும், அதனால் முறுக்கை முதலிலேயே தளர்த்தி இழுத்துவிட வேண்டாம். ஈரக்காற்று அந்த வேலையைச் செய்துவிடும்.

தோள் வரைக்கும்தான் முடி, லேயர் வெட்டியிருக்கு. பாதியிலேயே முடி வெளிய வந்துருது.
– வண்ணார்பேட்டை

முன் லேயர் நீளம் பின்மண்டை நடு வரை எட்டவில்லை. இரண்டு பக்கத்தையும் நடுவில் சேர்க்க முயல வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சுற்று மட்டும் முறுக்கி, காதுக்குச் சற்றுப் பின்னால் அங்கேயே பின் குத்தி, மேலே உள்ள முடியை அதன்மேல் இறக்கி மறைத்துவிடுங்கள். குட்டை முனைகள் முறுக்கைவிட்டு வெளியே வந்தால், வந்த முனையை முறுக்கின் அடிப்பக்கமாக வளைத்துவிட்டு, பின்னை அந்த முனையையும் சேர்த்துப் பிடிக்கும்படி செருகுங்கள்.